முசே என் காதுக்குள் போன நாள்

என் தலைக்குள் ஒரு சிலந்தி முட்டையிட்டுக் குடும்பம் நடத்தப் போகிறது என்று முழுமனதாக நம்பியவன் நான். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் அந்த ஒரு மத்தியானம், எங்கள் ஊரான நெல்லித்தோப்பில் என்னைவிட முக்கியமான ஆள் வேறு யாரும் இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் போயும் போகாமலும் இருந்த காலம். எங்களுக்கு விறகுக்கடை, கரியும் விற்போம். காட்டு விறகு வண்டியில் வந்து இறங்கினால், மரப்பட்டை இடுக்குகளிலிருந்து குட்டிச் சிலந்திகளும் இறங்கும். வலை கட்டிவிட்டுத் தொங்கிக் கிடக்கும் சோம்பேறிகள் இல்லை. மிளகளவு உடம்பை வைத்துக்கொண்டு பூனைபோல் பதுங்கிப் பாய்கிறவை. முன்கால்களைத் தூக்கி ஆட்டிக்கொண்டு எறும்பு வேஷம் போடும் ஒன்று. உடம்பெல்லாம் வரிக்குதிரைக் கோடு போட்டது ஒன்று. பச்சைத் தகடாக மின்னுவது இன்னொன்று. எல்லாவற்றையும் தீப்பெட்டிகளில் வைத்திருந்தேன். தெருப் பையன்களிடம் பொன்வண்டு இருந்தது. பொன்வண்டு யாரிடம்தான் இல்லை? சிலந்திப் படை வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பெருமையை இன்றுவரை நான் இறக்கி வைக்கவில்லை.

படைத்தலைவனுக்கு வெள்ளை மீசை. உட்கார்ந்திருந்தால் துரை மாதிரியே இருக்கும். பிரெஞ்சுத் துரைகளைக் கூப்பிடுகிற மாதிரி முசே என்று பெயர் வைத்தவர் சித்தப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன்வரை போய்ச் சண்டை போட்டுவிட்டு, பென்ஷனோடும் பட்டாளத் தொப்பியோடும் திரும்பியவர். தூங்கும்போதுதான் தொப்பியைக் கழற்றுவார்.

"இதுங்களோட ரொம்ப வச்சுக்காதடா," என்பார். "சைகோன் காட்டுல ஒருத்தன் காதுல பூந்து முட்ட போட்டுடுச்சு. அவன் தும்முனா குஞ்சு குஞ்சா வரும்."

அன்று முசேவை உள்ளங்கையில் ஏந்தி அவரிடம் காட்டினேன். பார்க்கக் குனிந்தவர் அப்போதுதான் பொடி போட்டிருந்தார். அந்தத் தும்மலில் தராசுத் தட்டு ஆடியது. நான் கண்ணைத் திறந்தபோது கை காலி. வலது காதில் குறுகுறுவென்றது.

"சித்தப்பா! முசே காதுல பூந்துட்டான்!"

விறகு வாங்க வந்தவர்கள் விறகை மறந்தார்கள். அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். தும்மினால் குஞ்சு வந்துவிடுமே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டே அழுதேன். செய்து பாருங்கள், சுலபமில்லை.

"குஞ்சு பொரிச்சா எனக்கு ஒண்ணு குடுடா," என்றாள் அக்கா.

எப்போதும் முதலில் சிரிக்கிற சித்தப்பா சிரிக்கவில்லை. காதில் பூச்சி போனால் இருட்டில் வெளிச்சம் காட்டி வரவழைப்பது எங்கள் பக்கத்து வைத்தியம். பட்டப்பகலில் இருட்டுக்கு எங்கே போவது? ஒரு கரிக்கோணியை எடுத்து எங்கள் இருவர் தலைமேலும் போர்த்திக்கொண்டு, டார்ச் லைட்டை என் காதருகே பிடித்தார்.

"எண்ணெய் காய்ச்சி ஊத்தட்டுமா தம்பி?" வெளியே அம்மாவின் குரல்.

"வேணாம் அண்ணி, உள்ளயே செத்துடும். இருங்க, வந்துடும்."

கோணிக்குள் கரி நெடியும் பொடி நெடியும். "வந்துடுய்யா, கொழந்தய்யா அவன்," என்று என் காதைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார் பட்டாளத்துக்காரர். என் கன்னத்தில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது. வேர்வை என்று நினைத்துத் துடைத்துக்கொண்டேன்.

மெல்லக் கண்ணை உயர்த்தினேன். தொப்பி விளிம்பில், வெள்ளை மீசையோடு, முசே. பளபளக்கும் கண்களால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சித்தப்பா, வந்துட்டான்!"

கோணி பறந்தது. தெருவே கைதட்டியது. வலது காதில் நுழைந்து என் மண்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு முசே வெளியே வந்த வரலாற்றை அந்த வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். கேட்டவர்கள் என் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

கோணியை எடுத்தபோது சித்தப்பாவின் முகமெல்லாம் கரி. கண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடுகள் சுத்தமாக இருந்தன. "வரிக்குதிரைச் சிலந்தி மாதிரி இருக்கீங்க சித்தப்பா!" என்று நான்தான் முதலில் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

முசே என் காதுக்குள் போகவே இல்லை. தும்மலுக்கு மிரண்டு அவர் தொப்பிக்குத் தாவியிருந்தது. சித்தப்பா அழுதிருந்தார்.