அண்ணன் கொடுத்தபடியே

குப்பையில் போடவேண்டிய லேப்டாப்பை எனக்குக் கொடுத்துவிட்டு, அண்ணன் பெரிய வள்ளல் மாதிரி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அதை ஆன் பண்ணிவிட்டுக் குளித்துவிட்டே வரலாம். ஆனாலும் எனக்கு அது வேண்டியிருந்தது. வண்டன்மேட்டு ஸ்டோரில் குனிந்து உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை வெறுத்துப்போயிருந்தது. வீட்டிலிருந்தே தமிழும் மலையாளமும் தட்டச்சு செய்யும் வேலை ஒன்றுக்கு ஆன்லைனில் பரீட்சை வைத்தார்கள். கணினி வேகமாக இல்லையென்றால் அதில் உட்காரவே முடியாது.

பழைய மாடல் என்பதுதான் என் அதிர்ஷ்டம். இப்போது வருகிறவற்றில் புராசசரைப் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள்; இதில் ஒரு திருகைத் திருப்பினால் கையோடு வந்துவிடும். என் கூலியில் இன்னும் வேகமான பழைய புராசசர் ஒன்று, ராம், எஸ்எஸ்டி எல்லாம் வரவழைத்து, வீடியோ பார்த்து நானே மாட்டினேன். முதல் தடவை சூட்டை இழுக்கும் தகட்டைச் சரியாக முறுக்கவில்லை, கொதித்து நின்றுவிட்டது. மறுபடி கழற்றி மாட்டினேன். பொத்தானை அழுத்தியதும் திரை வந்து நின்றது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

பரீட்சை திங்கட்கிழமை. சனிக்கிழமை அண்ணன் எர்ணாகுளத்திலிருந்து வந்தான், அதைத் திறந்து பார்த்தான்.

"அட, நல்லாத்தான ஓடுது. மச்சினன் காலேஜ் சேந்திருக்கான், அவனுக்குக் குடுத்துரலாம்."

"உள்ள இருக்குறது பூரா நான் வாங்கி மாட்டுனதுண்ணே. திங்கக்கெழம எனக்குப் பரீச்ச."

"லேப்டாப்பு யாருது?"

அம்மாவைப் பார்த்தேன். அவள் அவன் தட்டில் மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"குடுத்துருடி. சம்பந்தி வீட்டுல அவனுக்கு ஒரு மதிப்பு வேணும்ல. ஒனக்குத்தான் ஸ்டோரு வேல இருக்கே."

இருவர் மீதும் அன்று வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை.

மறுநாள் இருவரும் பூசைக்குக் கிளம்பியபோது தலைவலி என்று படுத்துக்கொண்டேன். அவர்கள் கோயிலுக்குப் போய்ச் சேருவதற்குள் அடிமூடியைக் கழற்றியிருந்தேன். அவனுடைய பழைய புராசசர், பழைய ராம், பழைய ஹார்டு டிஸ்க் எல்லாம் இருந்த இடத்துக்கே திரும்பிப் போயின. அவனுடைய ஒரு திருகைக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை. பையில் வைத்து என் கையாலேயே கொடுத்து அனுப்பினேன்.

மாமனார் முன்னாலேயே மச்சினன் திறந்தானாம். எல்லோரும் காபி குடித்து முடித்தும் திரை வரவில்லையாம். அண்ணன் போனில் கத்தினான்.

"என்னடி பண்ணி வச்ச?"

"நீ குடுத்தத அப்படியே குடுத்தேண்ணே."

ஆத்திரத்தில் அதை ஆக்கர்க் கடையில் பழைய இரும்போடு போட்டுவிட்டான். என் புராசசர் இப்போது வரும் எதிலும் பொருந்தாது. பரீட்சை போனது போனதுதான். ஸ்டோரிலிருந்து முதுகு ஒடிந்து திரும்பிய ஒரு சாயங்காலம் அம்மா கேட்டாள்.

"ஒனக்கும் இல்லாம, அவனுக்கும் இல்லாமப் பண்ணிட்டியேடி?"

"அவனுக்கு இல்லேல்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டுச் சோறு போடச் சொன்னேன்.