வேனுக்கு ஒரு மெக்கானிக், இன்ஜினுக்கு ஒரு மெக்கானிக்

லால்பேட்டையில் விடியற்காலையில் ஏற்றும் வெற்றிலையை, வெயில் ஏறுவதற்குள் கடலூர் மார்க்கெட்டில் இறக்க வேண்டும். 1960களில் அந்த வேலைக்கு வேன் டிரைவராகப் போனேன். முதல் நாளே புவனகிரி தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்துப் பொங்கியது. வாடிய வெற்றிலையைப் பார்த்துவிட்டு முதலாளி ஹமீது பாய் என்னைக் கூப்பிட்டார்.

“நல்ல வண்டின்னு நீதானப்பா சொன்ன? ஒன்ன நம்பித்தான் வாங்குனேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா வண்டியும் வேணாம், டிரைவரும் வேணாம்.”

பஸ் வேலையை உதறிவிட்டு வந்தவன் நான். மனைவி நிறைமாதம்.

1. சிதம்பரம்

அது பெட்ரோல் வேன். பழைய சொந்தக்காரர் அந்த இன்ஜினைக் கழற்றிவிட்டு, வயலில் பம்ப்செட்டுக்கு வைக்கும் டபுள் சிலிண்டர் டீசல் இன்ஜினைப் பொருத்தியிருந்தார். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப்போய் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

சிதம்பரத்தில் வேன் மெக்கானிக் துரைசாமி பானெட்டைத் திறந்தார். உடனே மூடினார்.

“கியர் பாக்ஸ், பிரேக்கு எல்லாம் சுத்தம். உள்ள குந்தியிருக்கறது நம்ம ஆளு இல்ல. பம்ப்செட் பாக்குறவங்ககிட்ட போ.”

2. குமராட்சி

பம்ப்செட் மெக்கானிக் செல்வராஜுக்கு இன்ஜினைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த சந்தோஷம். சக்கரங்களைத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. வேனை வாய்க்கால் ஓரம் நிறுத்தச் சொன்னார். வயல் இன்ஜினுக்குச் செய்வதுபோலவே ரேடியேட்டர் ஓஸ் பைப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்து வயல் பம்ப்செட்டிலிருந்து தண்ணீர் இழுத்து இன்ஜினுக்குள் விட்டார். மறுபக்கம் சூடான தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது. மதியம் வரை இன்ஜின் முக்கவில்லை, முனகவில்லை.

“தங்கம்! ஒரு கொறையும் இல்ல. வேன்காரன் ஒன்ன ஏமாத்தறான்.”

ஓஸ் பைப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஐந்தே மைலில் பொங்கியது. ரோட்டோரம் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. எரிச்சல் தாங்கவில்லை. ஆறவைத்து, திரும்பிப் போனேன்.

“ஏண்ணே, நீங்க வாய்க்கால் தண்ணியில ஓட்டிக் காட்டுனீங்க. கடலூர் வரைக்கும் வாய்க்கால் கூடவே வருமா?”

அவர் தலையைச் சொறிந்தார். அவரை வேனில் ஏற்றினேன். சிதம்பரத்தில் துரைசாமியையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். பொங்கும் வரை இருவரையும் இறங்க விடவில்லை. கடலூர் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் பொங்கியது. இருவரும் முதல்முறையாக ஒரே பானெட்டுக்குள் தலையை விட்டார்கள்.

“இந்த ரேடியேட்டரு பழைய பெட்ரோல் இன்ஜினுக்கு உள்ளது மச்சான்,” என்றார் துரைசாமி.

“என் இன்ஜினுக்கு இது எப்படிப் பத்தும்?” என்றார் செல்வராஜ். அதற்குள் ‘என் இன்ஜின்’ ஆகிவிட்டது.

பழைய லாரி ரேடியேட்டர் ஒன்றை முன்பக்கம் நீட்டிப் பொருத்தினார்கள். வேனுக்கு எத்துப்பல் முளைத்தது போல இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை வெற்றிலை பச்சை மாறாமல் கடலூரில் இறங்கியது.

3. லால்பேட்டை

திரும்பி வந்து பாயிடம் மெக்கானிக்குகள் இருவரையும் கிழிகிழியென்று கிழித்தேன். பொறுமையாகக் கேட்டவர், “வாங்கறதுக்கு முன்னால நீ எவ்ளோ தூரம் ஓட்டிப் பாத்த?” என்றார்.

“சிதம்பரத்துல நாலு வீதியும் ஒரு சுத்து, பாய்.”

“அப்ப அவுங்கள ஏன்யா திட்டுற?”

வண்டி வாங்கும் தம்பிகளே, அது தினம் போகப்போகிற ரோட்டில், ஏற்றப்போகிற பாரத்தோடு, கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். கெட்டிக்காரத்தனத்தால் என் வேலை தங்கவில்லை. பாய்க்கு அன்று சிரிப்பு வந்துவிட்டது, அதனால் தங்கியது.