எச்சக்கல்லில் ஏறிய மாப்பிள்ளை

சாய்ந்தமருதில் தோணி வைத்திருக்கும் மர்சூக்குக்கு வாரத்தில் ஓய்வு வெள்ளிக்கிழமை மட்டும்தான். ஜும்ஆத் தொழுகை நாள் என்பதால் அன்றைக்கு யாரும் மீனுக்குப் போவதில்லை. அந்த ஒரு நாளிலும் மண்ணைப் போட்டார் மருமகன் ஹாதிக். எச்சக்கல்லுக்குப் போய் ஆலாப் பறவை பார்க்க வேண்டுமாம்.

எச்சக்கல் ஆழ்கடலுக்குள் நிற்கும் மொட்டைப் பாறைத்தீவு. மனிதர் இல்லை, குடிதண்ணீர் இல்லை, நிழலுக்கு ஒரு செடி இல்லை. பறவை எச்சத்தின் நாற்றத்தில் மீன்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போவார்கள்.

வேறு யாரும் கேட்டிருந்தால் மர்சூக் ஏசித் துரத்தியிருப்பார். வாயாலேயே கடற்கரையை ஆள்கிறவர் அவர். ஆனால் மகள் அம்ஹாவைக் கட்டி, அவளுடைய வீட்டுக்கே குடிவந்திருக்கும் மாப்பிள்ளையை ஏச முடியுமா? மாமனார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் கதைப்பதே அந்த வீட்டில் மரியாதைக் குறைவு. கல்யாணமான நாளிலிருந்து எல்லாக் கதையும் அம்ஹா வழியாகத்தான் போய்வந்தது.

“கடல் நல்லமில்ல எண்டு சொல்லுகா,” என்றார் மகளிடம். ஹாதிக் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார்.

“பரவாயில்லையாம் வாப்பா,” என்றாள் அம்ஹா.

சம்மாந்துறை வயற்காரருக்குக் கடல் பரவாயில்லையாம். விடியற்காலையில் மர்சூக் பல்லைக் கடித்துக்கொண்டு தோணி எஞ்சினின் கயிற்றை இழுத்தார்.

வழி நெடுக இருவரும் வாய் திறக்கவில்லை. ஹாதிக் அடிக்கடி தொண்டையைச் செருமினார். மர்சூக் அடிவானத்தைப் பார்த்தார். கல்லை நெருங்கியதும் ஆலாக்கள் கூச்சலோடு கிளம்பி இருவர் தலையிலும் வஞ்சகமில்லாமல் எச்சமிட்டன. பார்த்தாயிற்று, திரும்பலாம் என்று மர்சூக் நினைத்த நேரம், ஹாதிக் ரப்பர் செருப்போடு பாறைக்குத் தாவிவிட்டார்.

அப்போதுதான் மேற்கிலிருந்து கச்சான் காற்றுக் கிளம்பிக் கடலைக் கிளப்பியது. பாறையில் மோதாமல் மர்சூக் தோணியை விலக்கிப் பிடித்தார். ஹாதிக்கோ விளிம்பில், பாசியின் மேல் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நீச்சலும் தெரியாது. பெரிய அலை ஒன்று வந்தால் ஆளைக் கழுவிக்கொண்டு போய்விடும். பிறகு மகளின் முகத்தில் எப்படி விழிப்பது? மர்சூக் ஒருமுறை இருமிப் பார்த்தார். சொல்லியனுப்ப அங்கே அம்ஹா இல்லை.

“டேய் அறிவுகெட்டவனே, பின்னால அல வருது. செருப்பக் கழட்டி எறிஞ்சிட்டு மேல ஏறுடா.”

ஹாதிக் ஏறினார். அவர் நின்ற இடத்தை அலை வழித்துக்கொண்டு போனது. கடல் சற்று அடங்கியதும் மர்சூக் தோணியை ஒட்டி, மாப்பிள்ளையைச் சட்டையில் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். கரை வரும்வரை அவர் வாய் ஓயவில்லை. இத்தனை மாதம் அடக்கியதெல்லாம் கொட்டியது. வயல், வரம்பு, சம்மாந்துறை, குளியலறையில் பூட்டாமல் விடும் பைப்பு, எதுவும் மிஞ்சவில்லை.

கரையில் இறங்கியபின்தான் யாரை ஏசினோம் என்பது உறைத்தது. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டால் மகளின் கதி என்ன? வீட்டு வாசலில் மர்சூக் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“படம் எடுத்தீங்களா?” என்று அம்ஹா புருஷனிடம் கேட்டாள்.

“போன் கடல்ல விழுந்திட்டு,” என்றார் ஹாதிக். தலையெல்லாம் எச்சம், முகமெல்லாம் சிரிப்பு. “ஆலா பாக்கவா நான் போன? தோணியில ரெண்டு பேரும்தானே, மாமா என்னோட கதைக்காம எங்க போறாரு எண்டுதான் போன. வரக்குள்ள முழுக்கக் கதைச்சிட்டாரு.”

மர்சூக் பழக்கதோஷத்தில் மகளைப் பார்த்து வாயெடுத்தார். பிறகு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

“ஜும்ஆவுக்கு நேரமாகுது மகன். போய்த் தலையக் கழுவுங்க. கழுவிட்டுப் பைப்பப் பூட்டுங்க.”