கேட்காமல் திறந்த லிங்க்

அன்று நான் வாய் திறந்திருக்கவே கூடாதோ? இன்றுவரை தெரியவில்லை.

சேதராப்பட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் லீவு கேட்பதெல்லாம் ஆன்லைன் சாப்ட்வேரில்தான். மேலாளர் அதற்குள் போய்ப் பார்க்க மாட்டார். விண்ணப்பத்தின் லிங்கை எங்கள் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால்தான் அனுமதி தருவார். குழந்தைக்கு வலிப்பு வந்தபோது, மருத்துவ அறிக்கையை இணைத்து நானும் அப்படித்தான் போட்டேன். பிறகு, வேறு யாராவது திறந்து பார்க்க முடியுமோ என்று மனம் கேட்காமல், அதே லிங்கைக் கணவரின் போனில் திறந்தேன். பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. குழந்தையின் அறிக்கையோடு, மேலாளர் மட்டுமே அழுத்த வேண்டிய அனுமதிப் பொத்தானும் வந்து நின்றது.

மறுநாள் மேலாளரிடம் சொன்னேன்.

“இன்னாம்மா, ஆபீஸ் சாப்ட்வேர ஊட்ல உக்காந்து நோண்டிக்கினு கீறியா?”

“இல்ல சார், லிங்க் இருந்தா யார் வேணும்னாலும்...”

“உனக்கு நீயே லீவு குடுத்துக்கப் பாத்தியா? புள்ளைக்கு வலிப்புன்றதாவது நெஜமா?”

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். அந்த முகங்களைப் பார்த்தாலே இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

லிங்க் இன்னும் குழுவில் கிடக்கிறது, இன்னும் திறக்கிறது. ஆனால் மன்னிப்பு எழுதித் தர வேண்டியவள் நானாம், இல்லையென்றால் வேலை இல்லையாம். எழுதினால் குற்றம் என்னுடையதாகிவிடும். எழுதாவிட்டால் குழந்தையின் மருந்துக்கு என்ன செய்வேன்? நீங்களாக இருந்தால் எழுதுவீர்களா? தயவுசெய்து சொல்லுங்கள்.