கடைசித் தெருவின் வடிகால் மூடி

நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். அந்தப் படிப்புக்குக் கிடைத்த வேலை, எங்கள் பேரூராட்சி அலுவலகத்தில் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். என் எம்.ஏ.வால் அலுவலகத்துக்கு விளைந்த நன்மை ஒன்றே ஒன்றுதான். மனு கொடுத்தவர்களுக்குப் போகும் பதில் கடிதங்களில் ‘ஆவண செய்யப்படும்’ என்று மூன்று சுழி ண போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆவன என்றால் செய்ய வேண்டியவை. ஆவணம் என்றால் பத்திரம், காகிதம். நான் வந்த முதல் வாரமே அதை இரண்டு சுழி ன ஆக்கினேன், கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டேன். இரண்டு வருஷம் கழித்துத்தான் புரிந்தது, பழைய எழுத்துதான் பொருத்தம். அங்கே காகிதம்தான் செய்யப்பட்டது.

பேரூராட்சியின் வாட்ஸ்அப் குழுவும் என் பொறுப்பு. நாளை எந்தத் தெருவுக்குக் குடிநீர், மின்தடை எத்தனை மணி வரை, தெருநாய்களுக்கு ஊசி போடும் முகாம் எங்கே, டெங்கு வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும், பொங்கல் கோலப் போட்டிக்கு யாரிடம் பெயர் கொடுப்பது, எல்லாவற்றையும் நான்தான் அடித்துப் போடுவேன். ஆரம்பத்தில் குழுவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்களுக்கு நடுவே ‘எங்க தெரு லைட்டு எரியல’ என்று வர ஆரம்பித்தது. செயல் அலுவலர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றச் சொன்னார், மாற்றினேன். அதன்பின் ஜனங்களால் கட்டைவிரலைக் காட்டவும் கை கூப்பவும் மட்டுமே முடிந்தது. புகாரே வராத குழு என்று எங்களுக்கு நல்ல பெயர்.

அந்தக் குழுவில் நான் போட்டதை ஒரு வரி விடாமல் கேட்ட ஒரே மனிதர் எங்கள் பக்கத்து வீட்டு மாமா. சொந்தம் இல்லை, கூப்பிடுகிற முறைதான். அவர் மனைவி எனக்கு அயித்தை. மாமா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. ஒரே மகன் சிங்கப்பூரில். அயித்தைக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும் மாமா குரல் கொடுப்பார். “ஆத்தா, இன்னைக்கு நம்ம கவர்மெண்டு என்ன சொல்லுது?” நான் அவர்கள் வாசலில் நின்று வாசிப்பேன். ‘நம்ம கவர்மெண்டு’ என்பதை அவர் கிண்டலாகச் சொன்னதில்லை. காக்கிச் சட்டை போட்டவருக்கு அரசாங்கம் சொந்த வீடு மாதிரி.

கண் போன பிறகும் அவர் ஒரு நாள்கூட வீட்டில் அடைந்து கிடக்கவில்லை. வாசலிலிருந்து பதினேழு எட்டு. அங்கே சாக்கடையின் மேல் போட்டிருந்த சிலாப்பில் மூன்று எட்டு. இறங்கி இடதுகைச் சுவரைத் தடவிக்கொண்டே போனால் பஸ் ஸ்டாப்பும் டீக்கடையும். காலை ஆறரைக்குப் போனால் ஒன்பதுக்குத்தான் திரும்புவார். பஸ் வளைவுக்கு அந்தப் பக்கம் வரும்போதே சத்தத்தை வைத்து, இது திருமயம் வண்டி, இது புதுக்கோட்டை போகிற பிரைவேட் என்று சொல்லிவிடுவார். பூ கட்டிக் கொண்டுபோகிற பெண்கள் அதைக் கேட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுவார்கள். எப்போதாவது தப்பிப் போனால் டிரைவருக்குக் கியர் போடத் தெரியவில்லை என்பார். அந்த இரண்டரை மணி நேரம்தான் அவருடைய நாள். மிச்சமெல்லாம் அடுத்த நாள் காலைக்காகக் காத்திருப்பது.

ஐப்பசி மழைக்கு முன்னால் எங்கள் தெருவில் சாக்கடை தூர்வாரும் முகாம் நடந்தது. மண் அள்ள வந்த லாரி பின்னால் எடுக்கும்போது சக்கரம் ஏறி, சிலாப் இரண்டாக உடைந்து உள்ளே விழுந்தது. லாரி போய்விட்டது. தூர்வாருவதற்கு முன், தூர்வாரிய பின் என்று இரண்டு படம் எனக்கு அனுப்பினார்கள், குழுவில் போட்டேன். சாயங்காலம் நான் அந்த வழியாகத்தான் வீட்டுக்கு வந்தேன். உடைந்து கிடந்ததைப் பார்த்தேன். செருப்பில் சேறு படாமல் தாண்டினேன். வழக்கம்போல மாமா வாசலில் நின்று, ‘கடைசித் தெருவில் தூர்வாரும் பணி சிறப்பாக நிறைவுற்றது’ என்று வாசித்தேன். நம்ம தெருப் பேரும் வந்துருச்சா என்று அவர் சந்தோஷப்பட்டார். சிலாப் உடைந்ததை நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் தகவல் சொல்லுகிறவளுக்கு, எதிரில் நின்ற மனுஷரிடம் சொல்லத் தோன்றவில்லை. அயித்தையும் அன்று முழுக்க வீட்டை விட்டு வெளியே வரவில்லை, லாரி இரைச்சலில் சிலாப் உடைந்த சத்தம் உள்ளே தனியாகக் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலை மாமா பதினேழு எட்டு எண்ணி, பதினெட்டாவதைக் காற்றில் வைத்தார்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியக் கிழிந்துவிட்டது. சாக்கடைத் தண்ணீர், சர்க்கரை உடம்பு, கேட்கவா வேண்டும். புதுக்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். துணைக்கு நான் ஒரு நாள் போயிருந்தேன். அயித்தை ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். “முத நா சாயங்காலம் நீ அந்த வழியாத்தானே வந்தே?”

“ஆமாங்க அயித்த.”

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை, இன்றுவரை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

பொங்கல் கழித்துத்தான் புண் ஆறியது. மாமா தெம்பாகத்தான் இருந்தார். “கல்லப் போட்டுட்டா நான் பாட்டுக்குப் போயிருவேன்” என்றார். தெருவின் மறுமுனை வழியாகச் சுற்றிப் போகலாம்தான். மற்ற வீட்டுக்காரர்கள் வண்டியில் அப்படித்தான் போனார்கள். ஆனால் அந்தப் பக்கம் ஜல்லி லாரி ஓடும் மெயின் ரோடு. கண் இருக்கிறவர்களே கும்பிட்டுக்கொண்டு இறங்குகிற இடம்.

மனுவை நான் எழுதிக் கொடுத்தேன், அயித்தை கையெழுத்துப் போட்டார். பதிலையும் நானே அடித்தேன்: தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு ஆவன செய்யப்படும். அந்தத் தாளை அயித்தை பீரோவில் வைத்துப் பூட்டினார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கல்லுக்குப் பஞ்சமா எங்கள் மாவட்டத்தில்? எதிர்வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு பலகைக்கல்லைக் கொண்டுவந்து போட்டார். மாமா இரண்டு நாள் அதில் நடந்தும் பார்த்தார். அடுத்த முறை சாக்கடை அள்ள வந்தவர்கள் இடைஞ்சல் என்று அதைப் புரட்டி எடுத்துப் போய்விட்டார்கள். வடிகால் மேல் தனியார் கற்கள் போடுவது ஆக்கிரமிப்பு, நடவடிக்கை எடுக்கப்படும் என்று குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. வந்தது என்ன வந்தது, போட்டதே நான்தான். அதற்குப் பிறகு யாரும் கை வைக்கவில்லை.

பகுதி சபைக் கூட்டம் வந்தபோது அயித்தை எழுந்து நின்று பேசினார். தெளிவாகச் சொன்னார். கவுன்சிலர் குறித்துக்கொண்டார். டீயும் காராபூந்தியும் கொடுத்தார்கள். அயித்தை பேசுகிற படத்தை ‘மக்கள் ஆர்வத்துடன் பங்கேற்பு’ என்று எழுதிக் குழுவில் போட்டேன். வடிகால் எங்களுடையது, ஆனால் அது முட்டுகிற சாலை வேறு துறையினுடையது என்று கோப்பில் எழுதி வைத்தார்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை அயித்தை பஸ் ஏறிப்போய் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தார். பத்து நாளில் அந்த மனு ஒரு நம்பரோடு கம்ப்யூட்டர் வழியாக இறங்கி என் மேசைக்கே வந்து சேர்ந்தது. சுற்றிச் சுற்றி சுப்பர் கொல்லை.

இதற்குள் மாமா மாறிக்கொண்டு வந்தார். முதலில் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பஸ் சத்தம் கேட்டார். அங்கிருந்து எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சித்திரை வெயிலில் நாற்காலி உள்ளே போனது. அப்புறம் நாற்காலியும் இல்லை, கட்டில்தான். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள், ஒரு தடவை. சாயங்காலம் நான் வந்து நின்றால் ‘கவர்மெண்டு என்ன சொல்லுது’ என்ற குரல் வருவது நின்றது. நானாக வாசித்தால் கேட்டுக்கொண்டார். தெருநாய் ஊசி முகாம் எங்கே என்று வாசித்தபோது பாதியில் தூங்கியும் போனார்.

ஆடியில் ஒருநாள் அந்த மனுவுக்காகக் கள ஆய்வுக்கு ஆள் வந்தார். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, இந்த வழியாக யாராவது நடக்கிறார்களா என்று அயித்தையிடம் கேட்டார். அயித்தை, யாருமே நடப்பதில்லை என்று சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் என்னிடம் அதைச் சந்தோஷமாகவே சொன்னார். “நடக்கவே வழியில்லன்னு தெரிஞ்சாத்தான் சீக்கிரம் போடுவாங்க, என்ன சொல்றே?” அலுவலகத்து மொழி எனக்குத் தெரியும்.

இரண்டு நாளில் அறிக்கை என் மேசைக்கு வந்தது. கள ஆய்வில் மேற்படி இடத்தில் பொதுமக்கள் நடமாட்டம் இல்லை எனத் தெரியவருவதால் பணி அவசியமில்லை, மனு முடிக்கப்படுகிறது. நான் செயல் அலுவலர் அறைக்குப் போய், அங்கே கண் தெரியாத ஒருவர் இருக்கிறார், நடமாட்டம் இல்லாமல் போனதே சிலாப் இல்லாததால்தான் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, நிலுவை மனுக்களை இந்த வாரத்துக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்மா, முடித்துவிடு, புதுசாக ஒன்று கொடுக்கச் சொல் என்றார். நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அடிக்காமல் இருந்திருக்கலாம். இருந்தால் வேறு யாராவது அடித்திருப்பார்கள், என் தற்காலிக வேலையும் போயிருக்கும். இதெல்லாம் இப்போது சொல்லுகிற சமாதானம். அன்று நான் பேசாமல் அடித்துவிட்டு, அடுத்த மனுவை எடுத்தேன்.

மறுநாள் அயித்தையின் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர், மாமாவும் கேட்கட்டும் என்று என்னை அவர்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். மனு முடிக்கப்பட்டது என்பதைக் கேட்டதும், “முடிச்சிட்டாங்களா, எப்பப் போடுறாங்களாம்?” என்றார் அயித்தை. நான் மிச்சத்தையும் வாசித்தேன். ‘நடமாட்டம் இல்லை’ என்ற இடத்தில் அவர் என்னை நிறுத்தி, திரும்ப வாசிக்கச் சொன்னார். திரும்ப வாசித்தேன்.

“இது என்னடி அநியாயம், இப்புடியா எழுதுவாங்க?” என்று அயித்தை என் கையைப் பிடித்தார்.

மாமா திரும்பவில்லை. “சரியாத்தானே எழுதியிருக்காங்க” என்றார். “இங்கிட்டு யாரு நடக்குறா?”

அயித்தை என் கையை விட்டுவிட்டு, அவர் காலடியில் போய் உட்கார்ந்தார்.