வியாழக்கிழமை மேல் பழி

"கையை எடுங்கக்கா, உளி வழுக்கினா விரல் போயிடும்."

அவள் எடுக்கவில்லை. கல்லில் சாக்பீஸால் எழுதியிருந்த தலைப்பின் மேல் உள்ளங்கையை அழுத்தி நின்றாள். 'கறுப்பு வியாழன்' என்றிருந்தது. அதன் கீழே, அதே சாக்பீஸில், தையல் ஃபேக்டரித் தீயில் செத்தவர்களின் பெயர்கள். அதில் ஒன்று அவள் தங்கையுடையது. அன்றைக்குப் படிக்கட்டுக் கதவை வெளியே பூட்டி வைத்திருந்தார்கள்.

"பூட்டுப் போட்டது வியாழக்கிழமையா?"

கல் வெட்டுகிறவர் சிரித்தார். "ரயில் கவிழ்ந்த கறுப்புச் செவ்வாய்க்கும் நான்தான் வெட்டினேன். அணை உடைஞ்ச கறுப்பு வெள்ளிக்கும் நான்தான். ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் இன்னும் வெளுப்பா மிச்சம் இருக்கு."

அவளும் அந்த ஃபேக்டரியில் சட்டைக்குக் காஜா எடுத்தவள்தான். அன்று பல்வலி, லீவு. பிறகு எந்தக் கம்பெனியிலும் நிலைக்கவில்லை. ஒரு சட்டைக்கும் அடுத்த சட்டைக்கும் நடுவில் எழுந்துபோய்க் கதவை இழுத்துப் பார்ப்பாள். "வாட்ச்மேன் கிளம்பியாச்சு" என்று அவளைக் கேலி செய்வார்கள். வீட்டில் குளிக்கும்போதும் தாழ் போடுவதில்லை. கணவர் வெளியே நாற்காலி போட்டுக் காவல் இருப்பார்.

கல்லுக்கு ஏற்பாடு செய்த தொழிலாளர் சங்கச் செயலாளர் வந்தார். "ஊரே கறுப்பு வியாழன்னுதான்க்கா சொல்லுது. டிவிலயும் அதான்."

"கதவு பூட்டியிருந்ததுன்னு ஒரு வரி போடு."

"போட்டா முதலாளி இடம் தரமாட்டார். அப்புறம் கல்லை என் தலையிலதான் நடணும். நாளைக்கு உங்கம்மா வந்து பேரைத் தொட்டுப் பாக்கணும்னு காத்திருக்காங்க."

"தெரியும்."

கையை எடுத்தாள். உட்கார்ந்தாள். உடனே எழுந்து பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றினாள். வாளித் தண்ணீரில் முந்தானையை நனைத்து வந்து தங்கையின் பெயரை மட்டும் துடைத்தாள்.

"அய்யோ, என்னக்கா பண்றீங்க!" செயலாளர் ஓடி வந்தார்.

"வியாழக்கிழமையால செத்தவங்களோட அவ வேண்டாம். அவ பூட்டால செத்தா."

செயலாளர் கையிலிருந்த பட்டியலில் அந்தப் பெயரை அடித்தார். ஈரம் காயட்டும் என்று கல் வெட்டுகிறவர் பீடி பற்றவைத்தார்.

மறுநாள் காலை ஃபேக்டரி வாசலில் கல்லை நட்டார்கள். முதலாளி மாலை போட்டு நாலு வார்த்தை பேசினார். அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தாள். மறுபடி படித்தாள். "எங்கடி?" என்றாள். தான் துடைத்ததை அவள் சொன்னாள். அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். திரும்பும்போது பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். மதியம் மகள் வேலைக்குப் போனாள். முதல் சட்டை முடிந்ததும் எழுந்துபோய்க் கதவை இழுத்துப் பார்த்தாள்.