உதயகுமார் மாற்றிய முன்கண்ணாடி

உதயகுமாரைப் பற்றிப் பேசினால் அவன் அவசரத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். காஞ்சிபுரம் கார் ஸ்டாண்டில் என் வண்டிக்குப் பக்கத்து வண்டி அவனுடையது. டீ ஆறும்வரை பொறுக்க மாட்டான். நாக்கைச் சுட்டுக்கொண்டு டீக்கடைக்காரரைத் திட்டுவான். நெசவுக் குடும்பத்துப் பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்ததே, ஒரு புடவை முடியும்வரை தறியில் உட்கார முடியாமல்தான். வீட்டில் நெய்வது அவன் மனைவி இளவரசி.

போன மாதம் அவன் மகள் தேவிப்ரியாவுக்கு வாலாஜாபாத்தில், மாமியார் வீட்டிலிருந்தபோதே பெண் குழந்தை பிறந்தது. தாயையும் பிள்ளையையும் வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன்பு அழைத்து வருவதாக ஏற்பாடு. முதல் நாள் பார்த்து, ஜல்லி லாரியிலிருந்து தெறித்த கல் பட்டு உதயகுமாரின் முன்கண்ணாடியில் குறுக்கே விரிசல் ஓடிவிட்டது. என் வண்டியை எடுத்துப் போ என்றேன். பேத்தி முதலில் ஏறுவது தாத்தா வண்டியில்தான் என்று முறைத்தான். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

வெள்ளி காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு, அரை மணியில் மாட்டித் தருவதாக போர்டு வைத்த ஒரு கடைக்குப் போனான். கடைக்காரர் எடுத்து வந்த கண்ணாடியில் தர முத்திரையே இல்லை. கேட்டேன். எல்லாம் ஒரே சரக்குதான் என்றார். பழைய பசையைச் சுரண்ட வேண்டாமா என்றேன். அதற்கு மேலேயே ஒட்டிவிடலாமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உதயகுமாரோ கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பசை எப்போது காயும் என்று மட்டும் ஒப்புக்குக் கேட்டான்.

"போற வழியில காஞ்சிடும்பா. நீ பாட்டுக்கு ஓட்டிக்கினு போ."

உதயகுமார் முகம் மாறியது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, தெருவில் நீட்டிக் காய வைக்கிற வீட்டில் பிறந்தவன் அவன். ஈரப் பாவைத் தறியில் ஏற்றினால் இழையோடு இழை ஒட்டி அறுந்து நாசமாகிவிடும். நெய்ய நெய்யக் காயட்டும் என்று எந்த நெசவாளியும் சொல்ல மாட்டான்.

"கஞ்சி காயாத பாவையே எங்க வூட்ல தறியில ஏத்த மாட்டோம். இதுல என் பேத்திய ஏத்தணுமா?" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டான். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

ஓரிக்கைப் பக்கம் சிட்டிபாபுவின் கண்ணாடிக் கடைக்குப் போனோம். அவர் முத்திரையைக் காட்டிவிட்டுத்தான் கண்ணாடியில் கை வைத்தார். பழைய பசையை வழித்தெடுத்து, ஓரத்தில் துரு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். வண்டி மோதினால் உள்ளே இருப்பவர்கள் வெளியே தெறிக்காமல் காப்பதில் இந்தக் கண்ணாடிக்கும் பங்கு உண்டு, பசை பிடிக்காவிட்டால் அது மொத்தமாகக் கழன்றுகொள்ளும் என்றார். சாயங்காலம் வரை வண்டியை எடுக்கக் கூடாது, கதவை அறைந்து சாத்தவும் கூடாது.

ராகு காலம் வந்தது, போனது. இளவரசி போனில் பிடிபிடியென்று பிடித்தாள். பிறகு, விளக்கு வைக்கிற நேரமும் நல்ல நேரம்தான் என்று அவளே இறங்கி வந்தாள். பசை காய்ந்த பிறகுதான் வருவேன் என்று உதயகுமார் மகளுக்குப் போனில் சொன்னதும் அவள் பதறிப்போனாள்.

"நீயாப்பா காத்துக்கினு இருக்கே? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

சாயங்காலம் போய் அழைத்து வந்தோம். பின் சீட்டில் தாயின் மடியில் குழந்தை தூங்கியது. உதயகுமார் வண்டியை உருட்டினான். ஆம், உருட்டினான் என்றுதான் சொல்ல வேண்டும். சைக்கிள்காரர்கள்கூட எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"இப்படியே போனினா, வூட்டுக்குப் போறதுக்குள்ள பாப்பா நடக்க ஆரம்பிச்சிடும்பா" என்றாள் தேவிப்ரியா.

பின்னால் ஹாரன் அடித்த பஸ்ஸுக்கு ஓரங்கட்டி வழி விட்டான். இத்தனை வருஷத்தில் அவன் யாருக்காவது வழி விட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.